பற்றவைக்கப் பழகுவோம்

கோடை விடுமுறை வந்ததும், பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளில் சிலர் 'எலக்ட்ரானிக் கிட்' எனப்படும் சிறு பொட்டலம் ஒன்றை வாங்கித் தருமாறு வீட்டில் நச்சரிப்பதுண்டு. சென்னை ரிச்சி தெருவிலும், பிற நகரங்களில் வானொலி, தொலைக்காட்சி உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகளிலும் அது கிடைக்கும். உள்ளங்கையளவு தகடு ஒன்று; வண்ணக் கோடுகள் இட்ட ரெசிஸ்டர்கள் சில; குட்டிப் பீப்பாய் போன்ற கப்பாசிடர்கள்; மூன்று கால் டிரான்சிஸ்டர்கள்; எல்.இ.டி. விளக்குகள். எல்லாவற்றையும் உரிய துளைகளில் பொருத்தி, ஈயத்தால் பற்றவைத்து, பேட்டரியை இணைத்தால் விளக்கு மினுக்க வேண்டும், அல்லது மணி ஒலிக்க வேண்டும்.

பல வீடுகளில் அது மினுக்குவதுமில்லை, ஒலிப்பதுமில்லை. பிள்ளை இரண்டு நாள் அதனோடு மல்லாடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது" என்று மேசை இழுப்பறையில் தள்ளிவிடுகிறான். தகப்பனாரோ, "கொடுத்த காசு தண்டம்" என்கிறார். காசு போனது சிறு நட்டம். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் அறிவின்மேல் வைத்திருந்த நம்பிக்கை போனதன்றோ பெரு நட்டம்! உண்மையில் குறை அவன் அறிவிலும் இல்லை. கடைக்காரர் கொடுத்த பாகங்களிலும் பெரும்பாலும் இல்லை. ஏதோ ஓரிடத்தில் ஈயம் ஒட்டாமல் நின்றிருக்கும், அவ்வளவே.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்னும் ஊரில் ஹீத் கம்பெனி என்றொரு நிறுவனம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் எஞ்சிய மின்னணுப் பாகங்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில், 1947-ஆம் ஆண்டு, ஆசிலாஸ்கோப் என்னும் அளவைக் கருவியைப் பாகம் பாகமாகப் பொட்டலமிட்டு அது விற்கத் தொடங்கியது. பின்னர் வானொலிப் பெட்டி, ஒலிபெருக்கி, வண்ணத் தொலைக்காட்சி வரையில் 'ஹீத்கிட்' என்னும் பெயரில் வீட்டிலேயே செய்து முடிக்கும் பொட்டலங்களாக வெளிவந்தன. 1992-இல் அந்த வணிகம் நிறுத்தப்படும்வரை, தச்சரும் ஆசிரியரும் பள்ளி மாணவரும் அவற்றை வாங்கித் தம் சமையலறை மேசைகளில் அமர்ந்து இணைத்தனர். வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தவற்றைப் பழுது பார்த்த அந்நிறுவனத்தார், ஏறத்தாழ 90 விழுக்காடு பொட்டலங்களில் காரணம் சரிவரப் பற்றவைக்காமையே என்று தம் கையேடுகளில் அச்சிட்டுவிட்டனர். பத்துக்கு ஒன்பது! எஞ்சிய ஒன்றில்தான் பாகத்தின் பழுதும் பிறவும் அடங்கும்.

ஆகவே, பற்றவைக்கும் முறையை மட்டும் செவ்வனே அறிந்துகொண்டால் பத்தில் ஒன்பது பங்குத் தோல்வியை வாசலிலேயே நிறுத்திவிடலாம். பார்ப்பதற்கு எளிதாக ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கத் தக்க மினுக்கு விளக்கு அது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு கப்பாசிடர், இரண்டு எல்.இ.டி., பேட்டரிக்குச் செல்லும் இரண்டு கம்பிகள். கால்களை எண்ணினால் பற்றவைக்க வேண்டிய இடங்கள் 24. இருபத்துமூன்று சரியாக அமைந்து ஒன்று தவறினாலும் விளக்கு எரியாது, அல்லது எரிந்தும் மினுக்காது.

சூடு எதற்கு, ஈயம் எதற்கு?

பற்றவைத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. தங்கத்தோடு தங்கத்தைச் சேர்க்க நம் பொற்கொல்லர் இடும் சேர்மானத்திற்குப் பற்றாசு என்றே பழந்தமிழில் பெயர். பொடிவைத்து ஊதுகுழலால் ஊதி இணைப்பது அவர்கள் வழக்கம். 'பொடிவைத்துப் பேசுகிறான்' என்னும் வழக்கே அந்தப் பட்டறையிலிருந்து வந்ததென்பர். (அதேபோல், 'பற்றவைத்துவிட்டான்' என்றால் ஊர்ப் பேச்சில் கலகம் மூட்டினான் என்று பொருள், பட்டறையிலோ இரண்டை ஒன்றாக்கினான் என்று பொருள். சொற்களின் போக்கு விந்தையானது!)

நம் காரியத்திற்கு இன்னும் நெருங்கிய உவமை, தெருவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்தவர்கள். எவர்சில்வர் பெருகிய பின் அவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது என்றாலும், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாத்திரத்தை முதலில் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்வார். துருத்தி ஊதிக் கரி நெருப்பில் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சுவார். நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். அதன் பின்பே ஈயக் குச்சியைச் சூடேறிய பாத்திரத்தின்மேல் ஒரு கோடு இழுப்பார். ஈயம் உருகி ஓடும். பஞ்சாலோ பழந்துணியாலோ வளைத்துத் துடைத்தால் பாத்திரம் முழுதும் வெள்ளியாய் மின்னும்.

அவர் ஈயத்தை நெருப்பில் உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பாத்திரத்தைச் சுட்டார், பாத்திரத்தின் சூடு ஈயத்தை உருக்கியது. மின்னணு வேலையின் இரகசியம் முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. கம்பியையும் தகட்டையும் சுட வேண்டும்; ஈயத்தை அவற்றின் சூடே உருக்க வேண்டும். கற்றுக்கொள்ளாத கைகள் செய்வது இதற்கு நேர்மாறு. இரும்பின் முனையில் ஈயத்தை உருக்கி, ஒரு சொட்டை ஏந்திக்கொண்டு வந்து, குளிர்ந்து கிடக்கும் கம்பியின்மேல் அப்புகிறார்கள். சொட்டு அங்கே உட்கார்ந்துவிடும். பார்த்தால் ஒட்டியது போலத்தான் தோன்றும்.

தாமரை இலையில் தண்ணீர் நிற்பதில்லையா? இலையின்மேல் இருக்கிறது, இலையை நனைக்கவில்லை. அப்பிய ஈயத்தின் நிலையும் அதுவே. மாறாக, சூடேறிய சுத்தமான செம்பின்மேல் உருகும் ஈயக் கலவை, ஈரத்துணியில் நீர் பரவுவதுபோல் பரவுகிறது. அதிலுள்ள வெள்ளீயம் செம்போடு கூடி, மயிரிழையினும் மெல்லியதாய் ஒரு புதிய உலோகப் படலத்தை ஆக்குகிறது. அந்தப் படலமே உண்மையான பிணைப்பு. எனவே ஈயத்தைப் பசை என்று எண்ணுவது தவறு. பசை இரண்டு பரப்புகளுக்கு நடுவில் நிற்கும். ஈயமோ செம்போடு கலந்து அதனுடன் ஒன்றாகிவிடும்.

செம்பு காற்றுப்பட்டால் பிராணவாயுவை ஏற்று மேலே மங்கிய தோல் ஒன்றைப் போர்த்துக்கொள்கிறது. அத்தோல் உள்ளவரையில் ஈயம் பற்றாது. பாத்திரக்காரர் அதை நவச்சாரத்தால் நீக்கினார். நமக்கு அந்த வேலையைச் செய்வது ஃப்ளக்ஸ் எனப்படும் பிசின். பைன் மரத்திலிருந்து எடுக்கும் அந்தப் பிசினை, மின்னணு வேலைக்கான ஈயக்கம்பியின் நடுவிலேயே குழல்போல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கம்பி உருகும்போது முதலில் பிசின் வழிந்து செம்பின் தோலை உரிக்கும். பின்னால் ஈயம் பாயும். இப்பொழுது, சொட்டை ஏந்தி வருபவரின் பிழை இன்னும் நன்றாய் விளங்கும். அவர் வந்து சேர்வதற்குள் பிசின் முழுவதும் இரும்பின் முனையிலேயே புகைந்து போய்விடுகிறது. தோல் உரிக்க ஆள் இல்லை.

நவச்சாரமும், குழாய் வேலைக்காரர் பயன்படுத்தும் அமிலப் பசையும் மின்னணுத் தகட்டிற்கு ஆகவே ஆகா. அன்று நன்றாகப் பற்றும். எஞ்சிய அமிலம் சில மாதங்களில் மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துவிடும். கடையில் டப்பியில் விற்கும் பேஸ்டை வாங்கினால், 'மின்னணு வேலைக்குரியது' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு சொல், இரண்டு உலோகம்

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாய் வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆக வேண்டியது. பாட்டிமார்கள், "சொம்பில் தண்ணீரில்லாமல் அடுப்பில் ஏற்றாதே" என்று மருமக்களை எச்சரிப்பதற்குக் காரணம், வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதே. காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். இவ்விரண்டையும் நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் என்ற கணக்கில் கலந்தால், கலவை 183 டிகிரியிலேயே உருகுகிறது! இரண்டில் எதுவும் தனித்து உருகாத சூட்டில் சேர்ந்தவை உருகுவது உலோகவியலின் அழகுகளுள் ஒன்று.

கடைகளில் 60/40 என்றும் 63/37 என்றும் இருவகைக் கம்பிகள் கிடைக்கும். 60/40 கம்பி 183 டிகிரி முதல் ஏறத்தாழ 190 டிகிரி வரையில் கூழ்நிலையில் நிற்கும். அந்த நொடியில் கை நடுங்கினால் இணைப்பில் நுண்ணிய விரிசல் விழும். 63/37 கம்பி அப்படி இடைநிலை இன்றி உடனே இறுகுவதால், பழகும் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. கம்பியின் தடிமன் 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

காரீயம் நஞ்சு என்பதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும். இரத்தத்தில் இந்த அளவுவரை கேடில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து மின்னணுப் பொருள்கள் பெரும்பாலானவற்றில் காரீயத்திற்குத் தடை விதித்தது. காரீயம் கலவாத கம்பி இன்று எங்கும் கிடைக்கிறது. அது உருக 217 முதல் 227 டிகிரி வரையில் சூடு வேண்டும்; செம்பின்மேல் சற்றுச் சோம்பலாகவே பரவும். கைப்பழக்கம் வந்த பின் அதற்கு மாறுவது நன்று. அதுவரை காரீயக் கம்பியைத்தான் எடுக்கிறோம் என்றால், அதற்குரிய ஒழுங்கை மீறக்கூடாது.

அந்த ஒழுங்கில் தலையாயது புகையைப் பற்றியதன்று, கையைப் பற்றியது. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை என்றே சொல்லிவிடலாம். கம்பியைப் பிடித்த விரலில் ஒட்டிய துகள், அந்த விரலால் எடுத்துத் தின்ற முறுக்கோடு வயிற்றுக்குள் போகிறது என்பதே அபாயம். ஆகவே சாப்பாட்டு மேசையில் இவ்வேலை வேண்டாம். மூன்றாவது கை இல்லாத குறைக்காக ஈயக்கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்ளும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. பிள்ளைகள் அதைக் கண்டு பழகிவிடக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, பலகையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் தனியே வைக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் அமர்ந்து செய்வது அறவே கூடாது.

எழும் புகை பிசினின் புகை. அதுவும் நன்மையானதன்று, அதை நெடுங்காலம் சுவாசித்த தொழிலாளருக்கு ஆஸ்துமா நோய் வருவது மருத்துவர் அறிந்த செய்தி. சன்னல் அருகே அமர்ந்து, முகத்தை நேர் மேலே நீட்டாமல் சற்றுப் பின்வாங்கி இருந்தால் போதும். இழுப்பு நோயுள்ள பிள்ளைக்கு இவ்வேலை ஏற்றதன்று.

இரும்பு

சால்டரிங் அயர்ன் என்னும் இரும்பு 25 வாட் முதல் 40 வாட் வரையில் இருந்தால் இத்தகைய தகடுகளுக்குப் போதும். நூறு வாட் இரும்பு தடித்த தகர வேலைக்குரியது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ளது கிடைத்தால், காரீயக் கம்பிக்கு ஏறத்தாழ 330 டிகிரியில் வைக்கலாம். 183 டிகிரியில் உருகும் பொருளுக்கு இவ்வளவு ஏன் என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள். நல்ல கேள்வி அது. முனையின் சூட்டைச் செம்பு விரைந்து வாங்கிக்கொள்கிறது. முனை போதிய சூட்டுடன் இருந்தால் இரண்டு நொடியில் வேலை முடியும். மந்தமான முனையை வைத்துக்கொண்டு பத்து நொடி தேய்த்தால் டிரான்சிஸ்டரும் வதங்கும், தகட்டின் செம்பும் உரிந்து வந்துவிடும். தகட்டின்மேலுள்ள செம்புப் படலத்தின் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 35 பங்கே.

மூன்று முள் பிளக் உள்ள இரும்பையே வாங்குக. தாங்கி இல்லாமல் மேசையில் கிடத்தலாகாது; அதன் சொந்த மின்கம்பியையே அது சுட்டு உருக்கிவிடும். கைநழுவி விழுந்தால் பிடிக்கக் கை நீட்டாதே என்பதைத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்; விழும் பொருளைப் பிடிப்பது மனித இயல்பு, அந்த இயல்பை அடக்கக் கற்க வேண்டும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் குறைந்தது 10 நிமிடம், கூடுமானால் 20 நிமிடம் பிடிக்கச் செய்யுங்கள். பற்பசை, இங்க், மாவு முதலிய வீட்டு வைத்தியங்கள் புண்ணைக் கெடுக்கும்.

முனை எப்போதும் ஈயம் பூசி வெள்ளியாய் மின்ன வேண்டும். கறுத்துப்போன முனையிலிருந்து சூடு இறங்காது. நன்கு பிழிந்த ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, உடனே சிறிது ஈயம் தொட்டு வைப்பது நல்ல பழக்கம். அரத்தால் தேய்ப்பது இக்கால முனைகளுக்குக் கூடாது. மேலுள்ள இரும்புப் பூச்சு போய்விட்டால், உள்ளிருக்கும் செம்பை ஈயமே கரைத்துத் தின்றுவிடும்.

அந்த மூன்று நொடிகள்

இனி வேலைக்கு வருவோம். ரெசிஸ்டரின் கால்களை மடக்கித் துளையில் செலுத்தித் தகட்டைத் திருப்புக. விழாதிருக்கக் கால்களைச் சற்றே விரித்துவிடுக. இரும்பை எழுதுகோல் போல், ஆனால் கைப்பிடியில் மட்டும், பிடிக்க வேண்டும். முனையைத் துடைத்து, கால் துளையைவிட்டு எழும் மூலையில் வைக்க வேண்டும். முனை ஒரே சமயத்தில் காலையும் தொட வேண்டும். சுற்றியுள்ள செம்பு வட்டத்தையும் தொட வேண்டும். ஒன்றை மட்டும் தொட்டால் ஒன்று மட்டுமே சூடாகும்.

மனத்துக்குள் 'ஒன்று' என்று எண்ணுக. பிறகு ஈயக்கம்பியை, இரும்பின் முனைக்கு அல்ல, காலின் மறுபக்கத்தில், காலும் வட்டமும் கூடும் இடத்தில் தொடுக. சூடு சரியாக ஏறியிருந்தால் கம்பி உருகித் தானாகவே சுற்றிவளைத்து ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும் காட்சி அது. வட்டம் நிறைந்ததும் முதலில் கம்பியை எடுக்க வேண்டும். அரை நொடி கழித்து இரும்பை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கம்பி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

பிறகு? ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும். அதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். ஊதக் கூடாது, தகட்டை அசைக்கக் கூடாது, தொட்டுப் பார்க்கக் கூடாது. இறுகுவதற்கு இரண்டு மூன்று நொடிகள் தேவை. இறுகிய பின் மிகுந்துள்ள காலைக் கட்டரால் நறுக்குக. நறுக்கிய துண்டு தோட்டாபோல் பறக்கும்; அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். கண்ணாடி அணிவது இன்னும் நன்று.

நல்ல இணைப்பு எப்படியிருக்கும்? கரையிலிருந்து குழிவாக ஏறி, காலைத் தழுவி, குன்றின் சரிவுபோல் உயர்ந்திருக்கும். விளிம்பு செம்போடு ஓசையின்றிக் கலந்திருக்கும். கெட்ட இணைப்பு உருண்டையாய், முத்துப்போல் எழுந்து நிற்கும். விளிம்பில் ஓர் இடுக்கு தெரியும். அளவுக்கு மிஞ்சி ஈயம் வைத்ததும் இப்படியே உருண்டு, உள்ளே ஒட்டியதா என்று காட்டாமல் மறைத்துவிடும். 'பளபளப்பாக இருந்தால் நல்லது, மங்கியிருந்தால் கெட்டது' என்று பழைய நூல்கள் சொல்லும். காரீயக் கம்பிக்கு அது பொருந்தும். காரீயமற்ற கம்பியோ நன்றாகப் பற்றியிருந்தாலும் இயல்பாகவே மங்கித் தோன்றும். ஆகையால் ஒளியைவிட வடிவத்தை நம்புவதே சரி.

ஒரு விரிசலும் 162 உயிர்களும்

பற்றாத இணைப்பைத் தொலைக்காட்சி பழுது பார்ப்போர் 'டிரை சால்டர்' என்பர். இதன் கொடுமை என்னவெனில், இது பல சமயம் வேலை செய்யும். காலையில் விளக்கு எரியும்; மாலையில் எரியாது. தட்டினால் எரியும். வெப்பத்தில் உலோகம் விரிந்து, குளிரில் சுருங்க, ஒட்டாத இடுக்கு திறந்து மூடிக்கொண்டிருக்கும். முதலில் நன்றாகவே பற்றிய இணைப்புகூட, ஆண்டுக்கணக்கில் இப்படிச் சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டால் வெடித்துவிடுவதுண்டு.

2014-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், இந்தோனேசியாவின் சுரபயா நகரிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 162 பேரும் மாண்டனர். மறு ஆண்டு டிசம்பரில் வெளிவந்த புலன்விசாரணை அறிக்கை, வால் சுக்கானின் அசைவை வரையறுக்கும் கருவியின் மின்னணுத் தகட்டில் ஈய இணைப்பொன்று விரிசல் கண்டிருந்ததைக் கூறியது. அதனால் எச்சரிக்கை மணி பறக்கும்போதே மீண்டும் மீண்டும் ஒலித்தது. அந்த ஓராண்டிலேயே அக்கருவி 23 முறை கோளாறு காட்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து தற்காலிகமாகச் சரிப்படுத்தப்பட்டது. அன்று அந்த எச்சரிக்கையை நிறுத்த விமானிகள் மேற்கொண்ட முயற்சியில் தானியங்கி அமைப்பு அற்றுப்போக, பின்னர் விமானத்தைக் கட்டுக்குள் கொண்டுவர இயலாமற் போயிற்று. விரிசல் மட்டுமே விமானத்தை வீழ்த்தியது என்று சொல்வது அறிக்கைக்கு மாறாகும். ஆனால் தொடக்கம் அங்கேதான். 'வருது, போகுது' என்னும் கோளாற்றைத் தட்டிச் சரிசெய்து திருப்திப்படுவது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்பதைப் பிள்ளைகள் இந்தச் சிறு விளக்கிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

எரியாத விளக்கு

நிற்க. பாகங்களைப் பொருத்தும் வரிசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குட்டையானவை முதலில், நெட்டையானவை பின்னர். அஃதாவது ரெசிஸ்டர், பின் டிரான்சிஸ்டர், கப்பாசிடர், எல்.இ.டி. ஆனால் ஒரு கண்ணி உண்டு. இந்த மினுக்கு விளக்கில் 470 ஓம் ரெசிஸ்டர் இரண்டும், 47 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் இரண்டும் வரும். முதலாவதன் கோடுகள் மஞ்சள், ஊதா, பழுப்பு. அடுத்ததன் கோடுகள் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. குழல்விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஏமாற்றும். மாற்றி வைத்துவிட்டால் எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாலும் விளக்கு மினுக்காது. பகல் வெளிச்சத்தில் பிரித்துவைப்பதும், மல்டிமீட்டரால் அளப்பதும் உத்தமம். எல்.இ.டி.க்கும் கப்பாசிடருக்கும் நீண்ட கால் நேர்முனை. டிரான்சிஸ்டரின் தட்டை முகம் தகட்டில் வரைந்துள்ள படத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

பேட்டரியை மாட்டுமுன் தகட்டைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, ஒவ்வோர் இணைப்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு இடையே ஈயம் பாலம் கட்டியிருந்தால், துடைத்த முனையை நடுவே இழுத்தால் பிரிந்துவிடும். நிறைய வழிந்திருந்தால் ஈயம் உறிஞ்சும் சக்கர் கருவியோ, பின்னிய செம்புப் பட்டையோ உதவும்.

எல்லாம் முடிந்து பேட்டரியை இணைத்தும் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் முகம் வாடும் நேரம் அது. பெற்றோர் அருகில் இருக்க வேண்டிய நேரமும் அதுவே. "நீ எதையோ கெடுத்துவிட்டாய்" என்று சொல்லாதீர்கள். "வா, இருபத்துநான்கையும் எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தந்தைக்கோ தாய்க்கோ மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. குன்றின் சரிவு எது, முத்து உருண்டை எது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். புதிய கண்ணுக்கு அது சட்டென்று தென்படும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐயத்துக்குரிய ஒவ்வோர் இணைப்பிலும் முனையை வைத்து, துளி புதிய ஈயம் தொட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். புதிய ஈயம் வேண்டுவது உலோகத்திற்காக அன்று, அதன் உள்ளிருக்கும் பிசினுக்காக. பழைய இணைப்பில் பிசின் எரிந்து போயிருக்கும். வெறும் சூடு மட்டும் காட்டினால் பிழை அப்படியே உருகி அப்படியே இறுகும்.

அப்போதும் எரியாவிட்டால் எல்.இ.டி. திரும்பியுள்ளதா என்று பாருங்கள். அதன்பின் அந்த மஞ்சள், ஊதா ரெசிஸ்டர்களைப் பாருங்கள். பாகம் கெட்டதோ என்னும் எண்ணம் கடைசியில் வரட்டும். மின்னிணைப்பில் நேரடியாக ஓடும் கருவிகளின் பொட்டலங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியில் இயங்குபவை எவ்வளவோ உள்ளன.

விளக்கு எரிந்துவிட்டால், இடதும் வலதுமாக முக்கால் நொடிக்கு ஒருமுறை மாறிமாறி மினுக்கும். 47 ஆயிரம் ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோஃபாரட் கப்பாசிடரும் சேர்ந்து தரும் வேகம் அது. கப்பாசிடரை 47 மைக்ரோஃபாரடாக மாற்றினால் மினுக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒன்றாக மெதுவாகும். மாற்றிப் பார்க்கலாமா என்று பிள்ளை கேட்பான். கேட்டால் அனுமதியுங்கள், பழைய கப்பாசிடரைக் கழற்றுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வேலை முடிந்து இரும்பை அணைக்குமுன் முனையைத் துடைத்துவிடக் கூடாது. அதன்மேல் தாராளமாக ஈயம் தொட்டு, அந்தப் போர்வையோடேயே ஆறவிட வேண்டும். மறுநாள் சூடேற்றித் துடைத்தால் முனை வெள்ளியாய் இருக்கும்.